விடுப்புக் கேட்ட மூன்று நாள்

போன கிழமை பாரிசில், ரூ லூயி-பிளாங் தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்கள் நாலு பேரில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இவ்வளவு காலமும் மொழிபெயர்ப்பாளரா இருந்து நீங்கள் விட்ட ஆகப்பெரிய பிழை என்ன?" மற்ற மூன்று பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்த பெருமைக் கதைகளுக்கு ஒருவரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "பேந்து சொல்லுறன்" என்று அன்றைக்குத் தப்பிவிட்டேன். வீட்டுக்கு, பியர்ஃபித்துக்கு ரயிலில் போகும்போது யோசித்தேன். வாயால் சொன்னால் என் பக்கத்தைக் கொஞ்சம் வெள்ளையடித்துத்தான் சொல்லுவேன், என்னை எனக்குத் தெரியும். ஆகவே எழுதித் தருகிறேன். எழுதும்போது பொய் சொல்ல எனக்குச் சோம்பல்.

நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். அகதி விண்ணப்பம் கொடுக்கும் பொபினி பிரெபெக்த்யூர் அலுவலகத்தில் எங்கள் ஆட்களுக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி மதாம்களுக்கும் நடுவில் நிற்பதுதான் வேலை. அங்கே எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு கேட்பேன். கேட்கிறேன் என்பதற்கான ஓம் அது. ஒருநாள் ஒருவர் "நான் முதலில் வேறை நாட்டிலையும் கேஸ் குடுத்தனான்" என்று சொல்லச் சொல்ல நான் ஓம் போட்டேன். அவர் அதை "சொல்லுங்கோ, பிரச்சினை இல்லை" என்று எடுத்துக்கொண்டு தன் கேஸையே கெடுக்கும் வேண்டாததெல்லாம் சொல்லி முடித்தார். அதன்பிறகு வேலையில் தலையாட்டுவதை விட்டேன். ஆனால் காதை அடக்க எனக்கு வரவில்லை. மற்றவர்கள் கதைப்பதைக் கேட்க எனக்கு அப்படி ஒரு ஆசை. இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தானோ என்று கூட நினைப்பதுண்டு.

பிறகு பரீட்சை எழுதி, மாநாடுகளில் ஆங்கிலம்-பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். அங்கே தமிழுக்கு வேலையே இல்லை. கணவர் பிரெஞ்சுக்காரர், மேசையில் வைக்கும் பெயர்ப்பலகையில் அவருடைய குடும்பப் பெயர். என் நிறத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் என்னைத் தமிழ் தெரியாத ரெயூனியன் தீவுக்காரி என்று முடிவுகட்டிவிடுவார்கள். நான் திருத்துவதில்லை. யார் கேட்டார்கள்?

இனிக் கதைக்கு வருகிறேன். நாடுகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் துருவ வேண்டாம். ஒரு பக்கம் பெரிய நாடு, ஆங்கிலத்தில் கதைக்கும். மறுபக்கம் ஒரு சின்னத் தீவு, பிரெஞ்சில் கதைக்கும். இரண்டுக்கும் நடுவில் கடலடியில் ஒரு கேபிள். அந்தக் காலத்தில் தந்தி அனுப்பப் போட்டது. இப்போது அதே வழியில் தலைமுடி அளவு கண்ணாடி இழைகள் போகின்றன. தந்தி போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் தந்திக்காக எழுதிய ஒப்பந்தம் போகவில்லை. "தந்தி என்று வரும் இடமெல்லாம் கேபிளில் போகும் எதுவும் அடங்கும்" என்று ஒரேயொரு கடிதத்தை அதன்மேல் ஒட்டிவிட்டு, இரண்டு அரசாங்கங்களும் அதிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தன.

அதில் ஒரு வரியை நான் முன்கூட்டி வாசித்தபோது அப்படியே மயங்கிப்போனேன். "மௌனத்தை முதலில் உணரும் கரை, கப்பலை அழைக்கும்." தந்திக் காலத்தில் இரண்டு கரையிலும் ஒவ்வொரு எழுத்தர் இருப்பார். அனுப்பியதற்குப் பதில் வராவிட்டால் கேபிள் அறுந்துவிட்டது என்று அறிந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, திருத்தும் கப்பலுக்குச் சொல்லி அனுப்புவார். யார் முதலில் குறித்தாரோ அவருக்குத்தான் அந்த அதிகாரம். இப்போது எழுத்தர் எங்கே? இரண்டு கரையிலும் இயந்திரம், இரண்டும் ஒரே கணத்தில் அலறுகின்றன. கேபிள் அறுந்து பத்து நாளாகியிருந்தது. இரண்டு பக்கத்துச் சட்டக்காரரும் முதல்நாள் காலை முழுவதும் யாருடைய மணிக்கூடு சரி என்று சண்டை பிடித்தார்கள். ஒரு செக்கனுக்காக மூன்று மணித்தியாலம்.

சிரிக்கிற விஷயம் இல்லை. தீவுக்கு அந்தக் கேபிள் ஒன்றுதான். செயற்கைக்கோள் வழியாக ஏதோ கொஞ்சம் வந்துபோனது, அது விமான நிலையத்துக்கும் பொலிசுக்குமே காணாது. அங்கே ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கான் எடுத்தால் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து நாளாக ஒரு படமும் போகவில்லை. கேபிள் அறுந்த இடம் பெரிய நாட்டின் கடல் எல்லைக்குள். அவர்கள் அனுமதிக்காமல் கப்பல் உள்ளே போக முடியாது. கப்பலோ துறைமுகத்தில் காத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் மாலை ஆறு மணிவரைதான் நிற்கும். அதற்குள் உத்தரவு வராவிட்டால் வேறொரு கடலில் வேறொரு கேபிளைத் திருத்தப் போய்விடும், திரும்பிவர ஐந்து வாரம்.

கூட்டம் இங்கே பாரிசில், எங்கள் கடைகள் நிறைந்த லா ஷப்பலிலிருந்து பத்து நிமிட நடையில், வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில். மொழிபெயர்ப்பாளருக்கென்று கண்ணாடிக் கூண்டு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மேசையிலேயே நான். தீவின் பக்கம் தலைவியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மதாம், மெலிந்தவர், குறிப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பவர். பெரிய நாட்டின் பக்கம் தலைவர் ஒரு பெரியவர், வழுக்கைத் தலை, நிதானமான பேச்சு. அவருக்குப் பக்கத்தில் கேபிள் விஷயம் தெரிந்த ஓர் இன்ஜினியர்.

முதல்நாள் காலை எல்லாரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டிருந்தார்கள். என் முறை வருவதற்குச் சற்று முன் இன்ஜினியர் கோப்பையில் ஒரு வாய் வைத்துவிட்டுப் பெரியவர் பக்கம் சாய்ந்தார்.

"சார், இந்தக் காபிக்கு வெந்நீரே தேவலாம்."

தமிழ்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமிழ்நாட்டுப் பேச்சு. உடனே நாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தத் தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து நாட்டு அரசாங்கங்களில் இருக்கிறார்கள். நான் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். ஆங்கிலம், பிரெஞ்சு என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

அங்கேதான் பிழை. ஒரு தரப்பு இரகசியம் கதைக்கும் மொழி உங்களுக்குத் தெரியுமென்றால் அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஒரு வசனம் போதும். எனக்கு அது தெரியாதா? நல்லாகத் தெரியும். அடுத்த இடைவேளையில் சொல்லுவோம் என்று நினைத்தேன். இடைவேளையில் மத்தியானம் என்றேன். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு ருசித்தது. இரண்டு அரசாங்கங்கள் ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது உள்ளுக்குள் என்னதான் கதைப்பார்கள் என்று எத்தனையோ வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது காதுக்குப் பக்கத்திலேயே, அதுவும் தாய்மொழியில்.

முதல்நாள் பின்னேரமே பெரிய இரகசியம் காதில் விழுந்துவிட்டது. தீவு கேட்டது இரண்டு விஷயம். ஒன்று, எந்தக் கரையும் கப்பலைக் கூப்பிடலாம், மற்றக் கரை இரண்டு நாளுக்குள் அனுமதி கொடுக்க வேண்டும். மற்றது, கேபிளை நிர்வகிக்கும் கூட்டுக் குழுவுக்குத் தலைமை மாறி மாறி வரவேண்டும். பெரிய நாடு பத்து நாள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. தீவின் மதாம் குரலை உயர்த்தி இரண்டு நாளுக்கு ஏன் முடியாது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் காதுக்குள் சொன்னார்:

"மேலிடத்துலதான் ரெண்டு நாளுக்கு ஓகே சொல்லிட்டாங்களே சார்."

"தெரியும். கடைசி நாள் வரைக்கும் வாயத் திறக்காத. பத்துன்னு சொல்லிட்டே இருந்தா, தலைமைய அவங்களே விட்டுக் குடுப்பாங்க."

நான் மதாமின் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். பெரியவர் கவலையோடு தலையை அசைத்து, பத்து நாளுக்குக் குறைவாகத் தம் அரசாங்கம் ஒருபோதும் சம்மதியாது என்றார். அதை நான் பிரெஞ்சில் சொன்னேன். என் வாயால் சொன்னேன். பொய் அவருடையது, குரல் என்னுடையது.

இரண்டாம் நாள் இன்னொரு கூத்து. தீவின் சட்டக்காரர் புதிதாக ஒரு யோசனையை வாசித்தார். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு மணிக்கூடு, அதை மூன்றாம் நாடு ஒன்று பார்த்துக்கொள்ளும். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினியர் முணுமுணுத்தார்: "இது வெளங்காது சார்."

ஐயோ பாவம், ஆளுக்கு விளங்கவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன். எங்கள் தமிழில் விளங்காது என்றால் புரியாது. என் சொற்கள்தான் தெளிவில்லையோ என்று பயந்து, அதே யோசனையை இன்னொரு முறை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் விரித்துச் சொன்னேன். உதாரணம் கூடப் போட்டேன்! இன்ஜினியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம்" என்று தீவுக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் வெட்டினார். மதாமுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். என் பக்கம் திரும்பி, "அவர் சொன்னது இரண்டு வரி. நீங்கள் சொன்னது பத்து வரி. ஏன்?" என்று கேட்டார். நான் அசடு வழிந்தேன். அந்த யோசனை அத்தோடு செத்தது. அவர்கள் தமிழில் விளங்காது என்றால் உருப்படாது என்று அர்த்தம் என்பது ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டுக் கேட்டதே பிழை. அதையும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பெரியவர் வலையை விரித்தார். குழுவின் தலைமை நிரந்தரமாகத் தங்களுக்கென்றால் இரண்டு நாளுக்குச் சம்மதிக்க மேலிடத்திடம் "கெஞ்சிப் பார்ப்பதாக" சொன்னார். மதாம் பதில் சொல்லாமல் மத்தியான இடைவேளை கேட்டார். எழும்பும்போது தம் சட்டக்காரரிடம் பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்: "தலைமையைக் கொடுத்துவிடலாம். கப்பல் போய்விட்டால் தலைமை இருந்து என்ன?" அது தீவுக்கு என்றென்றைக்குமான தோல்வி. அந்தக் கேபிள் இருக்கும் வரைக்கும் எதையும் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருப்பார்கள். அதற்கு அவசியமே இல்லை என்பது தீவுப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கால் போன போக்கில் ரூ லூயி-பிளாங்குக்கு வந்து, வழமையாகச் சாப்பிடும் கடைக்குள் நுழைந்தேன்.

"வாங்கோ அக்கா!" என்று கடைக்கார அண்ணை உள்ளே நின்றபடியே குரல் கொடுத்தார். "என்ன மூண்டு நாளா இந்தப் பக்கம் காணேல்லை? கணவாய்க் கறி இருக்கு. புட்டோ சோறோ?"

"புட்டு போடுங்கோ அண்ணை" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், சுவரோரம் இருந்த மேசையில் பெரியவரும் இன்ஜினியரும். இன்ஜினியரின் கையில் தோசைத் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பாரிசுக்கு வந்த தமிழ் வயிறு மூன்றாம் நாள் எங்கே வந்து சேரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"மேடம்... நீங்க தமிழா?"

"ஓம்" என்றேன். அது அவருக்குப் போய்ச் சேரவில்லையோ என்று "ஆமாம்" என்றும் சொன்னேன்.

கடைக்கார அண்ணை புட்டுத் தட்டோடு வந்து எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, அதைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெரியவர் கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. ஒரு தரப்போடு மேசையில் இருக்கக்கூடாது என்ற விதி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது, வெட்கக்கேடு.

"ஐயா, பிழை என்னிலைதான்" என்றேன். "எனக்குத் தமிழ் தெரியுமெண்டு முதல்நாளே சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. மூண்டு நாளும் நான் விடுப்புக் கேட்டனான்."

பெரியவரின் முகம் இளகிவிட்டது. "அடடா. மூணு நாளா விடுப்பு கேட்டுட்டு இருந்தீங்களா? குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?" இன்ஜினியரைப் பார்த்து, "பாத்தியா? நாம தமிழ்ல பேசறது காதுல விழுதுன்னு, நேர்மையா லீவு போட்டு ஒதுங்கப் பாத்திருக்காங்க" என்றார். பிறகு என்னிடம், "அதெல்லாம் வேணாம் மேடம். இன்னும் நாலு மணி நேரம்தான். இப்ப புது ஆளுக்கு எங்க போறது? நீங்களே இருங்க."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு விளங்கியது. விடுப்பு என்றால் அவர்களுக்கு லீவு. எங்களுக்கு? உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வேலியடியில் போய் நிற்பதுதான் எங்கள் விடுப்பு. நான் குற்றத்தை ஒப்புக்கொள்ள, அவர் என்னை உத்தமியாக்கிவிட்டார்.

பிள்ளைகளே, என் வேலைக்காலம் முழுவதிலும் மிகவும் சுலபமான "ஓம்" அதுதான். சும்மா நின்றாலே போதும். என் பெயர் கெடாது, வேலையும் கெடாது. அவராகத்தான் பிழையாக விளங்கிக்கொண்டார், நான் பொய் சொல்லவில்லை. இரண்டு செக்கன் அப்படியே நின்றேன். அந்த இரண்டு செக்கனை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"இல்லை ஐயா" என்றேன். "லீவு இல்லை. எங்கடை தமிழிலை விடுப்பெண்டால் ஒட்டுக் கேக்கிறது. ஆசைப்பட்டுக் கேக்கிறது. நான் உங்கடை கதையை ஆசைப்பட்டுக் கேட்டனான்."

பெரியவர் கையைக் கழுவப் போவதுபோல எழும்பி, திரும்பவும் இருந்தார். "எல்லாத்தையுமா?"

"ஓம்."

"அந்த ரெண்டு நாள் விஷயம்?"

"அதுவும்."

"இது மோசடி மேடம்."

அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"இல்லை. நீங்கள் கதைச்சதைச் சொல்லவும் மாட்டன். ஆனால் எனக்குத் தமிழ் தெரியும், மூண்டு நாளும் கேட்டுக்கொண்டிருந்தனான் எண்டதை அவவுக்கும் சொல்லத்தான் வேணும். இப்ப போறன்."

"சொன்னா, நாங்க என்ன பேசினோம்னு கேப்பாங்களே?"

"கேப்பா" என்றேன். புட்டைத் தொடாமல் வெளியே வந்தேன்.

மதாம் மண்டபத்து நடையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். நான் ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் கதைப்பது என் தாய்மொழி, முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அவர்களிடமும் இப்போதுதான் ஒப்புக்கொண்டேன், நீங்கள் விரும்பினால் உடனே விலகுகிறேன். அவர் கேட்டு முடித்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டேகால்.

"அப்படியென்றால் அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்."

"மதாம், அதை நான் சொல்ல முடியாது."

"முழுவதும் சொல்ல வேண்டாம். நான் தலைமையைக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? அவ்வளவுதான். தலையை அசைத்தால் கூடப் போதும்."

"முடியாது."

"என் தங்கையின் தலைக்குள் ஏதோ கட்டி" என்றார். குரல் மாறவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "படம் எடுத்துப் பத்து நாள். அது ஆஸ்பத்திரிக் கணினியிலேயே கிடக்கிறது, கையில் கொண்டுவர ஆஸ்பத்திரி சம்மதிக்கவில்லை. தீவில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லை. கப்பல் போய்விட்டால் ஐந்து வாரம். தலைமையைக் கொடுத்தால் என் நாட்டுக்குத் துரோகம் செய்தவளாவேன். கொடுக்காவிட்டால் தங்கைக்கு. உங்களுக்கு விடை தெரியும், எனக்கு முன்னால் நிற்கிறீர்கள்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உடம்பு முழுவதும் அடித்துக்கொண்டது. "பொறுங்கள்" என்ற ஒரு சொல் போதும். ஒரு பார்வை போதும். என் கண் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நிலத்துக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் களவாகக் கேட்டதை எடுத்து நான் யாருக்கு நல்லது செய்தாலும், நாளைக்கு இந்த நகரத்தில் எந்த மேசையிலும் எந்த மொழிபெயர்ப்பாளரையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பொபினியில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் உயிர்க்கதையைச் சொல்லும் எங்கள் ஆட்களும் நம்ப மாட்டார்கள். இதெல்லாம் இப்போது எழுதும்போது கோர்வையாக வருகிறது. அப்போது எனக்குள் இருந்தது "முடியாது" என்ற சொல் மட்டும்தான். அழுகை வந்தது, அழவில்லை.

"உள்ளே வாருங்கள்" என்றார் மதாம். "விலக வேண்டாம். நான் சொல்லப்போவதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள்."

எல்லாரும் வந்து இருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. மதாம் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதைத்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் தொழிலில் கதைப்பவரின் "நான்"தான் எங்கள் வாயிலும் "நான்" என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதை நான் சொல்லவேண்டி வந்தது:

"நீங்கள் உங்களுக்குள் என்ன கதைத்தீர்கள் என்று இந்த மொழிபெயர்ப்பாளரிடம் நான் கேட்டேன். கெஞ்சினேன். அவர் சொல்ல மறுத்துவிட்டார். ஆகவே உங்களிடமே கேட்கிறேன். அந்தப் பத்து நாள் உங்களுக்கு உண்மையாகவே தேவையா, அல்லது என் தலைமையைப் பறிக்கவா? தேவை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் தலைமையைத் தந்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்."

"கெஞ்சினேன்" என்ற இடத்தில் என் குரல் தடுமாறியது. தடுமாறக்கூடாது. தடுமாறியது.

இன்ஜினியர் வழக்கம்போல அவர் காதுப் பக்கம் சாய்ந்துவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்து நிமிர்ந்தார். ஒரு தாளை எடுத்து என்னவோ எழுதினார். நான் கூரையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் அந்த மண்டபத்துக் கூரையைப் பார்த்த ஆள் நானாகத்தான் இருக்கும், ஒரு மூலையில் நீர் ஊறிய கறை கூட இருந்தது. தாள் போனது, வந்தது, திரும்பவும் போனது.

பெரியவர் தாளை மடித்து வைத்தார். "இரண்டு நாள் எங்களுக்குப் போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "தலைமை மாறி மாறி இருக்கட்டும். முதல் முறை எங்களுக்கு."

மதாம் என் பிரெஞ்சு முடியும்வரை காத்திருந்து, "முதல் முறை உங்களுக்கு" என்றார். மௌனத்தை முதலில் உணரும் கரை என்ற வரியை வெட்டி, "எந்தக் கரையும்" என்று எழுதினார்கள். எனக்கு அந்தப் பழைய வரி போவதில் சின்னக் கவலை. ஐந்து மணிக்குச் சற்று முன் இரண்டு அரசாங்கமும் ஒன்றாக உத்தரவை அனுப்பின. கப்பல் நங்கூரம் தூக்கிவிட்டது என்று இன்ஜினியர் தொலைபேசியைப் பார்த்துச் சொன்னபோது மதாமின் சட்டக்காரர் மேசையில் தலையை வைத்துவிட்டார்.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் பெரியவர் படியிறங்கும்போது என்னிடம் வந்து ஒன்று சொன்னார். கோபம் போயிருந்தது.

"நீங்க வாயே திறக்கல மேடம், ஒத்துக்கறேன். ஆனா உண்மை தெரிஞ்ச ஒரு ஆளு பக்கத்துல உக்காந்துட்டு இருக்கும்போது எனக்குப் பொய் சொல்ல வரல. நீங்க சொல்லாமலே சொல்லிட்டீங்க."

அவர் சொன்னது சரி. இரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்த முடியாது. நான் அதைத் தெரிந்துகொண்டு அங்கே இருந்ததே தராசில் ஒரு கல்தான். அது தீவுக்கு நல்லதாக முடிந்தது என் கெட்டித்தனம் இல்லை. இன்னொரு நாள், இன்னொரு மேசையில், அதே கல் வலுவில்லாதவனின் தலையில் விழுந்திருக்கும். அடுத்த நாளே என்னை அனுப்பிய நிறுவனத்துக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் வேலை தரவில்லை. தந்திருந்தால்தான் அவர்களைப் பற்றிக் குறைவாக நினைத்திருப்பேன்.

மதாம் போகும்போது கோட்டைப் போட்டுக்கொண்டே கையை நீட்டினார். "நீங்கள் சொல்லியிருந்தால் உங்களைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லியிருப்பேன்" என்றார். "ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் என் மேசையில் உங்களை இருக்க விட்டிருக்க மாட்டேன்."

ஒரு கிழமை கழித்து நிறுவனத்தின் வழியாக மதாமிடமிருந்து எனக்கு இரண்டு வரி வந்தது. படம் போய்ச் சேர்ந்துவிட்டது, கட்டியை எடுக்கலாம் என்கிறார்கள். அதை வாசித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன்.

கூட்டுக் குழு அடுத்த வருடமும் பாரிசில்தான் கூடியது. தலைமை தீவுக்கு மாறும் முறை. மொழிபெயர்ப்பாளரைத் தெரிவு செய்ததும் மதாம்தான். என் தொலைபேசிக்கு அழைப்பு வருமென்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வேறொருவரை எடுத்தார். கேள்விப்பட்டபோது நொந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவவின் இடத்தில் நான் இருந்திருந்தாலும், முதல்நாள் மொழியை மறைத்த என்னை எடுத்திருக்க மாட்டேன்.